மாத்திரைக் கணக்கு: பிள்ளை தெரபி விடுதிப் பள்ளியில் இருக்கும்போது

அமெரிக்காவில், குறிப்பாக யூட்டா, மொன்டானா போன்ற மலை மாநிலங்களில், 'தெரபியூட்டிக் போர்டிங் ஸ்கூல்' என்றொரு வகைப் பள்ளி உண்டு. மன அழுத்தம், ஏ.டி.எச்.டி., போதை, கையைக் கீறிக்கொள்ளும் பழக்கம் என்று வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாமல் போன பதின்ம வயதுப் பிள்ளைகளை அங்கே சேர்க்கிறார்கள். மாதத்துக்குப் பல ஆயிரம் டாலர் செலவு. நம் குடும்பம் ஒன்றில் இப்படி நேர்ந்தால் ஊருக்குப் போகும் செய்தி என்னவாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: "பையன் போர்டிங் ஸ்கூல்ல படிக்கிறான்." அதற்கு மேல் யாரிடமும் யோசனை கேட்க முடியாது. இந்தக் கட்டுரை அப்படி வாயை மூடிக்கொண்டு தவிக்கும் அப்பா அம்மாவுக்காக.

பெற்றோரின் கவலையெல்லாம் டாக்டர் சரியான மருந்தைத்தான் எழுதினாரா என்பதில் நிற்கும். தவறு பெரும்பாலும் அதற்குப் பிறகு, பாட்டிலிலிருந்து நாக்குக்குப் போகும் வழியில் நடக்கிறது. மனநல டாக்டர் மாதத்துக்கு ஓரிரு முறை வீடியோவில் வருவார். நர்ஸ் பகலில் இருப்பார். ராத்திரியிலும் சனி ஞாயிறிலும் மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர், பல இடங்களில், சில மணி நேரப் பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவர். அவருக்குப் பத்துப் பதினைந்து பிள்ளைகள். ஆகவே மளிகைக் கடைக்காரர் சரக்கைப் பார்ப்பதுபோல் நீங்கள் மாத்திரையைப் பார்க்க வேண்டும்: எத்தனை வந்தது, எத்தனை போனது, மிச்சம் எத்தனை.

கையெழுத்துப் போடும் முன்

சேர்க்கைப் படிவத்தில் மருத்துவ ஒப்புதல் என்று ஒரு பக்கம் இருக்கும். பள்ளியின் டாக்டர் எந்த மருந்தையும் தொடங்கலாம், மாற்றலாம், நிறுத்தலாம் என்று அதில் மொத்தமாக எழுதியிருக்கக்கூடும். அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். "அவசர நிலை தவிர, மனநல மருந்து எதையும் புதிதாகத் தொடங்கவோ அளவை மாற்றவோ ஒவ்வொரு முறையும் என் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும்" என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால், பணம் கட்டும் முன்பே ஒரு பெரிய விஷயத்தைத் தெரிந்துகொண்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, 'பி.ஆர்.என்.' பற்றிக் கேளுங்கள். தேவைப்பட்டால் கொடுக்கலாம் என்று எழுதிவைக்கும் மருந்துகளுக்கு அந்தப் பெயர். தலைவலிக்கு அசிட்டமினோஃபென் என்றால் சரி. "பதற்றமாக இருந்தால் ஹைட்ராக்சிசின், தூங்காவிட்டால் குவெட்டியாபின்" என்று இருந்தால், பதற்றம் என்று முடிவுசெய்வது யார், ஒரு நாளில் எத்தனை முறை, கொடுத்ததும் பெற்றோருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். அடங்காத பிள்ளையை மருந்தால் அடக்குவது இந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறது. 1990-களில் யூட்டாவின் ப்ரோவோ கேன்யன் பள்ளியில் 11 மாதம் இருந்த அமெரிக்கப் பிரபலம் பாரிஸ் ஹில்டன், 2021 பிப்ரவரியில் அந்த மாநில செனட் குழுவின் முன் சாட்சி சொன்னபோது, என்னவென்றே தெரியாத மாத்திரைகளைத் தனக்குக் கட்டாயமாகக் கொடுத்ததையும் சொன்னார். (அந்தக் காலத்தில் நிர்வாகம் வேறு கையில் இருந்தது, அதைப் பற்றித் தங்களால் கருத்துச் சொல்ல முடியாது என்பது பின்னர் வந்த நிர்வாகத்தின் பதில்.) அதே ஆண்டு யூட்டா சட்டம் இயற்றியது. மருந்து கொடுத்து மயக்கி அடக்க அரசின் முன் அனுமதி வேண்டும், ஆண்டுக்கு 4 முறை சோதனை வேண்டும், வாரம் ஒருமுறை பிள்ளை குடும்பத்தோடு தனிமையில் பேச வழி வேண்டும் என்பவை அதில் உண்டு. ஆனால் அது யூட்டாவின் சட்டம். பக்கத்து மாநிலத்தில் வேறு கதை. உங்கள் பள்ளி இருக்கும் மாநிலத்தின் உரிமத் துறை இணையத்தில் வெளியிடும் சோதனை அறிக்கைகளில் 'மெடிகேஷன்' என்ற சொல்லைத் தேடுங்கள். அரை மணி நேர வேலை. பள்ளியைச் சுற்றிக்காட்டும் மூன்று மணி நேரத்தில் கிடைக்காத சேதி அதில் கிடைக்கும்.

ஒப்படைக்கும் நாள்

மருந்தை வாராந்தர டப்பாவில் கொட்டி எடுத்துப் போகாதீர்கள். மருந்துக் கடை லேபிள் ஒட்டிய பாட்டிலோடு கொடுங்கள். ஒவ்வொரு பாட்டிலையும் பணியாளர் எதிரில் எண்ணி, எண்ணிக்கையை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, அந்தத் தாளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அவசரப்படுத்துவார்கள். எண்ணுங்கள்.

அட்ரால், ரிட்டாலின், கான்செர்ட்டா போன்ற ஏ.டி.எச்.டி. மருந்துகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அமெரிக்கச் சட்டத்தில் இவை 'ஷெட்யூல் 2'. ஒரே சீட்டில் மறுபடி மறுபடி வாங்க முடியாது, ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு வேண்டும். வெளியே விலை போகும் சரக்கு என்பதால் முதலில் காணாமல் போவதும் இதுதான். ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்திடுகிறார்களா, பூட்டுக்குள் பூட்டாக வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இன்ஹேலர், எபிபென் போன்றவை இதற்கு நேர் எதிர். அவற்றை அலுவலக அலமாரியில் பூட்டிவைத்தால் உயிருக்கே ஆபத்து. மலையேற்றத்துக்குப் போகும்போது அவை யார் பையில் போகின்றன என்பதையும் கேட்டு வையுங்கள்.

இனி நம்மவர்களுக்கென்றே மூன்று. ஒன்று, பெயர். அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டிருப்பதால் பாஸ்போர்ட்டில் ஒரு வரிசை, இன்சூரன்ஸில் ஒரு வரிசை, மருந்து லேபிளில் இன்னொன்று என்று இருக்கும். 'குமார்' என்று கூப்பிட்டு மாத்திரையை நீட்டினால் அது யாருடைய குமாரோ! மருந்துப் பதிவேட்டில் பிள்ளையின் புகைப்படம் ஒட்டச் சொல்லுங்கள். இரண்டு, கேப்சூலின் ஜெலட்டின் உறை. சைவப் பிள்ளை அதைத் துப்பினால் 'மருந்தை மறுத்தான்' என்று நடத்தைக் குறிப்பில் ஏறிவிடும். மாத்திரை வடிவம் உண்டா என்று முன்பே டாக்டரிடம் கேளுங்கள். மூன்று, பாட்டி அனுப்பிய லேகியமும் அஸ்வகந்தா பொடியும். தூக்க மருந்தோடு சேர்ந்தால் மயக்கத்தைக் கூட்டக்கூடும். வெட்கப்படாமல் பட்டியலில் எழுதுங்கள்.

பிள்ளையை நேராகப் பள்ளிக்கு அனுப்பாமல் முதலில் காட்டு முகாமில் சில வாரம் வைப்பதும் உண்டு. அப்படியென்றால் இந்த எண்ணிக்கையை அங்கே ஒருமுறை, இங்கே ஒருமுறை எனச் செய்ய வேண்டும். இடம் மாறும் நாளில்தான் டோஸ் அதிகம் விட்டுப்போகும்.

மாதம் ஒருமுறை: மூன்று தாள்கள்

முதல் தாள், 'எம்.ஏ.ஆர்.' எனப்படும் மெடிகேஷன் அட்மினிஸ்ட்ரேஷன் ரெக்கார்டு. மாதத்தின் நாள்கள் குறுக்கே, மருந்துகள் கீழே, ஒவ்வொரு கட்டத்திலும் கொடுத்தவரின் முதலெழுத்து. பிள்ளை 18 வயதுக்குள் என்றால் இதைக் கேட்கும் உரிமை பெற்றோர் என்ற முறையில் பொதுவாக உங்களுக்கு உண்டு. "எல்லாம் ஒழுங்காகப் போகிறது" என்று தெரபிஸ்ட் சொல்வது எம்.ஏ.ஆர். ஆகாது. நகலே வேண்டும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள்.

அதைப் படிப்பது ஒரு கலை. காலியான கட்டம் என்றால் கொடுக்கவில்லை, அல்லது கொடுத்து எழுதவில்லை. இரண்டுமே தப்பு. அதைவிடச் சந்தேகப்பட வேண்டியது, ஒரே பேனா, ஒரே கையெழுத்து, 30 நாளும் சரியாக 8.00 மணி என்று அழகாக நிரம்பிய தாள். மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதியது அப்படித்தான் இருக்கும். நிஜமான தாளில் 7.52-உம் 8.20-உம் இருக்கும். ஒருநாள் 'வாந்தி எடுத்தாள்' என்றிருக்கும்.

இரண்டாவது தாள் உங்கள் வீட்டுக்கே வரும்: இன்சூரன்ஸ் கம்பெனியின் 'எக்ஸ்ப்ளனேஷன் ஆஃப் பெனிஃபிட்ஸ்'. எந்த மருந்து, எந்தத் தேதியில், எத்தனை நாளுக்கு வாங்கப்பட்டது என்பது அந்தக் கணக்கில் தெரியும். 30 நாள் மருந்து 47 நாள் கழித்துத்தான் மறுபடி வாங்கப்பட்டிருந்தால், கையிருப்பு எதுவும் இல்லாத பட்சத்தில், 17 நாள் உங்கள் பிள்ளை எதை விழுங்கினாள்? 15 நாளிலேயே வாங்கியிருந்தால் மீதி எங்கே போயிற்று? நீங்கள் கேள்விப்படாத மருந்தின் பெயர் இருந்தால் அதை எழுதியது யார்? இத்தனையையும் யாரையும் கேட்காமல் சமையலறை மேசையில் உட்கார்ந்தே கண்டுபிடிக்கலாம்.

மூன்றாவது, உங்கள் நோட்டு. ஒவ்வொரு போன் பேச்சிலும் பிள்ளை சொன்னதைத் தேதியோடு எழுதுங்கள்.

எந்த மருந்தில் எது ஆபத்து

ஒரு டோஸ் தவறினால் எல்லா மருந்தும் ஒன்றுபோல் நடந்துகொள்ளாது. ஃப்ளுவாக்சிடின் ஒருநாள் விட்டால் பெரிதாகத் தெரியாது. வென்லாஃபாக்சின் விட்டால் மறுநாளே தலைசுற்றல், குமட்டல், மண்டைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீர் என்று வரும். குளோனிடினைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். லாமோட்ரிஜின் இன்னும் வில்லங்கம். ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போய், மறுபடி பழைய அளவிலேயே தொடங்கினால் உயிருக்கு ஆபத்தான தோல் கொப்புளம் வரக்கூடும். அடியிலிருந்து மெதுவாக ஏற்ற வேண்டும், அதை முடிவுசெய்ய வேண்டியவர் டாக்டர். "ஸ்டாக் வர ஒரு வாரம் ஆகிவிட்டது, இன்றிலிருந்து பழையபடி கொடுக்கிறோம்" என்று ஒரு பணியாளர் சாதாரணமாகச் சொன்னால், அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

லித்தியம் எடுக்கும் பிள்ளைக்குத் தனிக் கவனம். ரத்தத்தில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1.2 மில்லி ஈக்விவலண்ட் வரை இருக்க வேண்டும். 1.5 தாண்டினால் நஞ்சு. யூட்டா வெயிலில் மலையேறி வியர்த்து, தண்ணீர் போதாமல், தலைவலிக்கு ஐபுப்ரோஃபென் போட்டால் அளவு தானே ஏறும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம், குழறல் ஆகியவை அதன் அடையாளம். 'வேலைக்குச் சோம்பி நடிக்கிறாள்' என்று பணியாளர் நினைக்கக்கூடியதும் இவற்றையேதான். ஐபுப்ரோஃபென் கூடாது என்று பிள்ளையின் பதிவேட்டின் தலைப்பிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைப்பதுண்டு, பிறகு விற்பதும் சேர்த்துவைப்பதும் உண்டு. அதற்காகப் பொடித்துக் கொடுக்கும் பள்ளிகள் இருக்கின்றன. கான்செர்ட்டா, புப்ரோபியான் எக்ஸ்.எல். போன்றவை மெதுவாகக் கரையும்படி செய்தவை. பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே வேகத்தில் உடம்பில் இறங்கும். புப்ரோபியான் என்றால் வலிப்பே வரலாம்.

இன்னொன்று, மருந்துக்கு மருந்து. காலை 7 மணிக் கான்செர்ட்டாவை ஆள் இல்லாமல் 11 மணிக்குக் கொடுக்கிறார்கள். ராத்திரி தூக்கம் வருவதில்லை. தூக்கத்துக்கு டிராசோடோன். காலையில் எழ முடியவில்லை, 'ஒத்துழைக்கவில்லை' என்று நடத்தைப் புள்ளி குறைகிறது. அடுத்த வீடியோ சந்திப்பில் மனச்சோர்வு மருந்தின் அளவு கூடுகிறது. முதல் தவறு நான்கு மணி நேரத் தாமதம். அது எந்தத் தாளிலும் இல்லை. புது மருந்து ஒன்று சொல்லப்பட்டால், "பழையது சரியான நேரத்தில் போனதா?" என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

மனச்சோர்வு மருந்து தொடங்கும்போதும் அளவு மாறும்போதும் முதல் சில வாரங்கள் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும் என அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004-லேயே கருப்புக் கட்ட எச்சரிக்கை விதித்தது. அந்த வாரங்களில் யார், எத்தனை முறை பார்க்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் வகை என்றால் எடை, சர்க்கரை, கொழுப்புச் சோதனை முடிவுகளைக் கேளுங்கள். மூன்று மாதமாகியும் ரத்தம் எடுக்கவில்லை என்றால் யாரும் கவனிக்கவில்லை என்று பொருள்.

போனில் பேசும்போது

பல இடங்களில் பேச்சைப் பக்கத்தில் இருந்து கேட்பார்கள். தமிழில் பேச விடுவார்களா என்பதைச் சேர்க்கும்போதே கேட்டிருக்க வேண்டும். "மருந்து சரியாகத் தர்றாங்களா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் வரும். நிறத்தையும் எண்ணிக்கையையும் கேளுங்கள்: "காலையில எத்தனை மாத்திரைம்மா? வெள்ளையா, ஆரஞ்சா? நேத்து ராத்திரி தந்தது யாரு?" நிறம் மாறியிருந்தால் கம்பெனி மாறியிருக்கலாம், மருந்தே மாறியிருக்கலாம். எம்.ஏ.ஆரோடு ஒப்பிடுங்கள்.

பிள்ளை புகார் சொன்னால், "வீட்டுக்கு வர நாடகம் போடுகிறாள், நம்பாதீர்கள்" என்று பள்ளி உங்களை முதல் வாரத்திலேயே தயார் செய்திருக்கும். நாடகமாகவே இருக்கட்டும். மாத்திரையை எண்ணினால் தெரிந்துவிடும், அதற்கு யாரையும் நம்ப வேண்டியதில்லை.

தவறு நடந்தால்

கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, கண் மேலே சொருகுவது, காய்ச்சலோடு உடம்பு விறைப்பது, எழுப்ப முடியாத தூக்கம், உடம்பெங்கும் தடிப்பு என்றால் விளக்கம் கேட்டு நேரம் போக்காதீர்கள். 911-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பள்ளி தயங்கினால், நீங்களே அழைத்து அந்த ஊர் அவசரச் சேவைக்கு இணைக்கக் கேளுங்கள். வேறு ஒருவரின் மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள், ஆனால் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்றால் விஷமுறிவு மையம்: 1-800-222-1222. இரவு பகலாக இருக்கிறது, இலவசம்.

ஆபத்து நீங்கியதும் அன்றே மின்னஞ்சல். கோபம் வேண்டாம், நாலே நாலு கேள்வி: என்ன மருந்து, எத்தனை மணிக்கு, யார் கொடுத்தது, டாக்டருக்கு எப்போது சொன்னீர்கள். சம்பவ அறிக்கையின் நகலும் கேளுங்கள். இரண்டு நாளில் பதில் இல்லை என்றால் மாநில உரிமத் துறைக்குப் புகார். கட்டுப்பாட்டு மருந்து காணாமல் போயிருந்தால் காவல் துறைக்கும்.

பலருக்குத் தெரியாத கதவு ஒன்று உண்டு. ஒவ்வொரு மாநிலத்திலும் 'புரொடெக்ஷன் அண்ட் அட்வகசி' அமைப்பு ஒன்று 1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி இயங்குகிறது. மனநலச் சிகிச்சை இடங்களுக்குள் போய்ப் பார்க்கவும் பதிவுகளைக் கேட்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. யூட்டாவில் அதன் பெயர் டிசெபிலிட்டி லா சென்டர். பள்ளிகளின் சங்கத்துக்கு எழுதுவதைவிட இங்கே எழுதுவது பயன் தரும். சங்க உறுப்பினர் சான்றிதழும் அரசு உரிமமும் ஒன்றில்லை.

பிள்ளைக்கு 18 வயது நிறையும் நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அன்றிலிருந்து பதிவுகளைப் பார்க்க அவள் கையெழுத்திட்ட அனுமதி வேண்டும். பிறந்தநாளுக்கு முந்தைய மாதமே அவளிடம் பேசிவிடுங்கள்.

அழைத்து வரும் நாள்

கோபத்தில் பிள்ளையை வண்டியில் ஏற்றி, "இனி ஒரு மாத்திரையும் வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். மேலே சொன்ன குளோனிடினும் வென்லாஃபாக்சினும் உங்கள் வீட்டிலும் அதே வேலையைத்தான் செய்யும். குறைப்பதாக இருந்தாலும் டாக்டர் வழியே குறையுங்கள். ஒரு வாரத்துக்குள் பார்க்க முன்பே நேரம் வாங்கிவிடுங்கள்.

எல்லா பாட்டிலும், கடைசி மூன்று மாத எம்.ஏ.ஆரும், ரத்தச் சோதனை முடிவுகளும் கையில் வாங்குங்கள். சேர்த்த நாளில் எண்ணியதுபோலவே எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள். வண்டி கிளம்பும் முன் ஒரே ஒரு கேள்வி மிச்சம்: இன்று காலை மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்? தெரியவில்லை என்றால், அங்கேயே நின்று விஷமுறிவு மையத்தையோ டாக்டரையோ அழைத்து, அடுத்த டோஸ் எப்போது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.