விண்கல்லின் தாய்வீடு

ரப்பர்க் காய் முற்றி வெடிக்கும் பருவத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் கொட்டை பொறுக்கித் திரிவதை நாம் அறிவோம். கொட்டை எவ்வளவு தொலைவு தெறித்து விழுந்தாலும், அதன் ஓட்டின் வடிவையும் புள்ளிகளையும் நோக்கி இன்ன இன மரத்தினது என்று கூறவல்லோர் உளர். ஓடு தாய்மரத்தின் திசுவால் ஆனது என்பதே இதன் காரணம். வானிலிருந்து விழும் கல்லுக்கும் இவ்வாறு தாயைக் காண இயலுமா?

1857ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், மதுரைக்குத் தெற்கே, ஆங்கிலேயர் 'பர்னாலி' என்று பதிந்து வைத்த ஊரில் இரு கற்கள் விழுந்தன. இரண்டும் சேர்ந்து 77 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடை.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே இலட்சக்கணக்கான சிறுகோள்கள் கதிரவனைச் சுற்றி வருகின்றன. அவை மோதிச் சிதறும்போது தெறிக்கும் துண்டுகளுள் சில, வியாழனின் ஈர்ப்பால் பாதை மாறிப் பூமியை வந்தடைகின்றன. நாம் இரவில் காணும் எரிநட்சத்திரங்களிற் பெரும்பாலானவை மணல் அளவுத் துகள்களே. அவை வானிலேயே எரிந்துவிடும். (பட்டர்வொர்த்தில் துறைமுக விளக்கொளியில் அவை தென்படுவது அரிது. தோட்டத்து இருளில் வாழ்வோர் இவ்வகையிற் பேறு பெற்றவர்கள்.)

பூமியில் விழும் கற்களிற் பெரும்பாலானவை பர்னாலிக் கல்லைப் போன்ற சாதாரணக் கல்வகையே. ஆயினும், அவற்றின் தாய் எனக் கருதப்பட்ட சிறுகோள்களின் ஒளி, கற்களின் ஒளியினும் சிவந்து காணப்பட்டது. தாயும் சேயும் ஒவ்வாத இப்புதிர் அறிஞர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது.

ஜப்பானின் 'ஹயபூசா' விண்கலம் 2005இல் இட்டோகாவா என்னும் சிறுகோளை அடைந்து, 2010இல் அதன் துகள்களை ஆஸ்திரேலியாவில் கொணர்ந்து சேர்த்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அத்துகள்கள் கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணியவை. அவை, இரும்பு குறைந்த ஒருவகை விண்கற்களோடு ஒத்திருந்தன. பர்னாலிக் கல்லும் அவ்வகையைச் சேர்ந்ததே! கதிரவனிலிருந்து வீசும் துகள்களால் சிறுகோளின் மேற்பரப்பு நிறம் மாறுகிறது என்பதும் அப்போது உறுதியாயிற்று. வெயிலில் கிடந்த பலகை மேலே நிறம் மாறினும் உள்ளே மாறாதிருப்பதைப் போன்றது இது.

எனினும், பர்னாலிக் கல் இட்டோகாவாவிலிருந்தே வந்தது எனல் தவறு. இட்டோகாவாத் துகள்களிற் பெரும்பாலானவை மிகுந்த வெப்பத்திற் பக்குவமடைந்தவை. பர்னாலிக் கல் அத்துணை வெப்பம் காணாதது. இனம் ஒன்றே.

கல் விழக் கண்டோர் அதைக் கழுவவோ சம்மட்டியால் உடைக்கவோ வேண்டா. ஈரம் பட்டால் அதிலுள்ள இரும்பு துருப்பிடிக்கும். நேரத்தையும், ஒளி எத்திசையிலிருந்து எத்திசைக்குச் சென்றது என்பதையும் உடனே எழுதி வைக்கவும். 1959இல் செக்கோஸ்லோவாக்கியாவில் விழுந்த ஒரு கல்லின் பாதையை நிழற்படங்களைக் கொண்டு கணித்தே, அது சிறுகோள் மண்டலத்திலிருந்து வந்ததென்று முதன்முதலாகக் கண்டனர்.