பையில் வளர்ப்போம் கறிவேப்பிலை நாற்று

கொல்லையில் கறிவேப்பிலை மரம் கறுப்புப் பழங்களுடன் நிற்கிறது. அவற்றை வெயிலில் காயவைத்து டப்பாவில் மூடி, ஐப்பசி மழையில் விதைக்கலாம் என்று எண்ணுகிறீர்களா? அந்த விதை முளைக்காது. நெல்லும் பயறும் காய்ந்தால்தான் விதையாகும். கறிவேப்பிலை விதையோ காய்ந்தால் உயிரிழக்கும். பருவத்தைத் தவறவிட்டால் ஓராண்டு வீணாகும்.

விதை எடுத்தல்

ஆடி, ஆவணி மாதங்களில், மணம் மிகுந்த நல்ல மரத்திலிருந்து முற்றிப் பழுத்தவற்றை மட்டும் பறியுங்கள். தண்ணீரில் பிசைந்து சதையை நீக்கிக் கழுவுங்கள். சதை ஒட்டியிருந்தால் எறும்பும் பூசணமும் வரும். பறித்த 3, 4 நாட்களுக்குள் விதைத்துவிட வேண்டும்.

பை தயாரித்தல்

செம்மண், மணல், மக்கிய தொழு உரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து பாலித்தீன் பைகளில் நிரப்புங்கள். கழுவிய பழைய பால் பைகளும் போதும். அடியிலும் பக்கங்களிலும் துளையிடுதல் அவசியம். பைக்கு 2 விதைகளை 1 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, பூவாளியால் நீர் விட்டு, கீற்று நிழலில் வையுங்கள். சுமார் 3 வாரங்களில் முளைக்கும். பின்னர் வீரியமான ஒரு செடியை மட்டும் விட்டுவையுங்கள்.

மழையிலும் பனியிலும் கவனிப்பு

மழைக்காலத்தில் பைகளை மேடான இடத்தில் அடுக்குங்கள். நீர் தேங்கினால் வேர் அழுகும்.

மார்கழி, தையில் செடி வளராமல் அப்படியே நிற்கும். பலர் இதைக் கண்டு பயந்து, தண்ணீரையும் யூரியாவையும் அதிகமாகக் கொடுத்துச் செடியைக் கெடுத்துவிடுகின்றனர். குளிரில் வளர்ச்சி குறைவது இயல்பே. மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் காலையில் நீர் விடுங்கள். வெயில் ஏறத் தொடங்கியதும் புதுத் தளிர் வரும்.

எலுமிச்சையைத் தாக்கும் பட்டாம்பூச்சிப் புழு இதன் தளிரையும் தின்னும். புழுக்களைக் கையால் பொறுக்கி அழியுங்கள். மாதம் ஒருமுறை பைகளை இடம் மாற்றி வைத்தால் வேர் தரையில் இறங்காது.

நடவு

ஓராண்டு வயதான நாற்றை அடுத்த பருவத்தில் நடலாம். 30 சென்டிமீட்டர் நீள, அகல, ஆழமுள்ள குழிகளை 1.2 முதல் 1.5 மீட்டர் இடைவெளியில் எடுத்து, தொழு உரமும் மேல்மண்ணும் இடுங்கள். மண்கட்டி உடையாமல் பையைக் கிழித்து நட்டு, உடனே நீர் பாய்ச்சுங்கள்.

எனவே, பழம் கறுத்த வாரத்திலேயே விதையுங்கள். பனிக்காலத்தில் பொறுமையாக இருங்கள். விலை கொடுத்து வாங்காமல், சொந்த மரத்தின் விதையிலிருந்தே தோட்டம் அமைக்கலாம்.