சூட்டுக்கூடம் கட்டப் போகும் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

மூன்று பிள்ளைகள் ஒரு பின்னேரம் என் வீட்டு விறாந்தைக்கு வந்தார்கள். கையில் சுருட்டிய ஒரு தாள். அக்கரைப்பற்றில் காற்றுத் துப்பாக்கிப் பயிற்சிக்கு ஓர் உள்ளரங்கு கட்ட ஆசை. "சபையில் அனுமதி எடுப்பது எப்படி மாமா?" என்று கேட்டார்கள். நாற்பது வருடம் இந்தக் கரையில் கட்டடப் படம் கீறியே சோறு தின்றவன் நான். சூட்டுக்கூடத்துக்குக் கீறியதில்லை. ஆனால் அரிசி ஆலைக்கும் மர ஆலைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் கீறியிருக்கிறேன். சத்தம் போடும் கட்டடங்கள் எங்கே தடுக்கி விழும் என்று தெரியும். அவர்களுக்கு அன்று சொன்னதையும், அவர்கள் போன பிறகு நினைவுக்கு வந்ததையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

1. ஊரின் காதை முதலில் அறியுங்கள்.

2005 நவம்பரில் நமது ஊர்ப் பள்ளிவாசலில், தொழுகையில் நின்றவர்கள் மீது கைக்குண்டு வீசப்பட்டது. 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் துப்பாக்கிச் சூடும் குண்டு வெடிப்பும் நடந்து, பிள்ளைகளும் மாண்டார்கள். ஆலையடிவேம்புப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் யுத்த காலத்தின் இரவுகளை இன்னும் மறக்காத தாய்மார் இருக்கிறார்கள். பட்டாசு வெடித்தாலே ஒரு கணம் பேச்சு நின்றுபோகும் வீடுகள் இந்த ஊரில் உண்டு. நீங்கள் கேட்கப் போவது நான்கு சுவருக்கான அனுமதி என்று நினைக்க வேண்டாம். அந்த வீடுகளின் பக்கத்தில் ஓர் ஓசைக்கு இடம் கேட்கிறீர்கள். இனி நான் சொல்லும் எல்லாவற்றையும் இதை மனதில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.

2. எதைச் சுடப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்.

வெடிமருந்துத் துப்பாக்கிக்கு உள்ளரங்கு கட்டுவது வேறு உலகம். அதன் சத்தமும் புகையும் குண்டின் வேகமும் நம் நெருக்கமான வளவுகளுக்கு ஆகாது. 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியை எடுங்கள். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு, செக்கனுக்குச் சுமார் 170 மீட்டர் வேகம். வெடிமருந்து கிடையாது. 1984 முதல் ஒலிம்பிக்கில் இருக்கும் போட்டி இது. ரைபிள் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். அறுபது தடவை அதைக் குறிவைக்க வேண்டும். பலத்தைவிட மூச்சையும் பொறுமையையும் கேட்கிற விளையாட்டு. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இதில்தான் தங்கம் வென்றார். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் இலண்டனில் வெண்கலம் எடுத்தார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகத் தரவரிசையின் உச்சிக்குப் போனார். நம் நாட்டுத் தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே போட்டியில் நின்றார். சபையில் உங்கள் கோப்பைத் திறப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

3. வாசல் இரண்டு, ஒன்றைத் திறந்தால் மற்றது திறக்காது.

கட்டடத்துக்கான அனுமதி சபையிடம். துப்பாக்கி பற்றிய சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது; அதன் கதவு பாதுகாப்பு அமைச்சிடம். "காற்றுத் துப்பாக்கி விளையாட்டுச் சாமான்தானே" என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் காசு கட்டாதீர்கள். எந்த வகை, எத்தனை, எங்கே பூட்டி வைக்கப்படும், யார் பொறுப்பு என்று எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். தேசிய துப்பாக்கி சுடும் விளையாட்டுச் சம்மேளனத்தோடும் விளையாட்டுத் திணைக்களத்தோடும் அப்போதே பேசுங்கள். ஒரு சீமெந்துப் பை வாங்குவதற்கு முன் இது முடிய வேண்டும். கட்டி முடித்த பிறகு துப்பாக்கிக்கு அனுமதி இல்லை என்றால், மிஞ்சுவது ஜன்னல் இல்லாத ஒரு நீண்ட அறை.

4. காணி எந்தச் சபைக்குள் என்று பாருங்கள்.

அக்கரைப்பற்றுக்கு 2011இலிருந்து மாநகர சபை இருக்கிறது. அக்கரைப்பற்றுப் பிரதேச சபை தனியாக இருக்கிறது. கொஞ்சம் தள்ளினால் ஆலையடிவேம்பு, அட்டாளைச்சேனைச் சபைகள். ஒரு வீதியைக் கடந்தால் சட்டமும் மாறலாம். 1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி மாநகர எல்லைக்குள் பகலில் 63 டெசிபல், இரவில் 50. பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55, இரவில் 45. நீதிமன்றம், வைத்தியசாலை, பொது நூலகம், பாடசாலை ஆகியவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் அமைதி வலயம். அங்கே பகலில் 50, இரவில் 45. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: அந்த விதிகளுக்குப் பகல் என்பது காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரைதான். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளோ பாடசாலையும் டியூஷனும் முடிந்து மஃரிப் தொழுதுவிட்டு வருவார்கள். சட்டத்துக்கு அது இரவு. ஆகவே இரவு எண்ணுக்கே கட்டுங்கள்.

5. காணியின் பழைய பெயரைக் கேளுங்கள்.

உறுதியையும் நில அளவைப் படத்தையும் மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அது முன்பு வட்டையாக இருந்ததா என்று பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள். மண் போட்டு நிரப்பியிருந்தாலும் பதிவில் வயல் என்றால் வயல்தான். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குறுக்கே நிற்கும். கடற்கரைப் பக்கம் மலிவாகக் காணி கிடைக்கிறது என்று போனால், சராசரி உயர் நீர்மட்டத்திலிருந்து 300 மீட்டர் வரை 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின் வலயம். 2004 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நம் அம்பாறை. அந்த வலயத்தைத் தொந்தரவு என்று பேச எனக்கு நா வராது. பிரதான வீதியோரம் என்றால் அது ஏ4 நெடுஞ்சாலை. கட்டடக் கோட்டை வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் கேளுங்கள்.

6. பழைய கட்டடம் என்றாலும் அனுமதி வேண்டும்.

"நெல்லுக் களஞ்சியம் ஒன்று சும்மா கிடக்கிறது, சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது, வாடகைக்கு எடுத்துத் தொடங்கிவிடலாம்" என்று ஒரு தம்பி சொன்னார். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் பிரகடனத்துக்குள் வரும் இடத்தில், கட்டடத்தின் பாவனையை மாற்றுவதும் அபிவிருத்தி வேலைதான். ஒரு செங்கல்லைத் தொடாவிட்டாலும் அனுமதிப்பத்திரம் தேவை. முழுப்படம் கீறக் காசு செலவழிப்பதற்கு முன், இந்தக் காணியில் இந்தப் பாவனைக்கு இடம் உண்டா என்று ஆரம்பத் திட்டமிடல் அனுமதி கேட்டுப் பாருங்கள். "இல்லை" என்ற பதில் அப்போதே வந்தால் இழப்பு சிறியது.

7. செய்வதன் பெயரை மறைக்காதீர்கள்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் மர ஆலைக்குப் படம் கேட்டார். "மர ஆலை என்று போட்டால் இழுபடும், களஞ்சியம் என்று போடுங்கள்" என்றார். நானும் போட்டேன். அனுமதி சீக்கிரம் வந்தது. வாள் ஓடத் தொடங்கியதும் அயலவர் முறையிட்டார்கள், சபை வந்து பார்த்தது, ஆலை மூடப்பட்டது. அதற்குப் பிறகு உண்மையான பெயரோடு விண்ணப்பித்தபோது, அதே அயலவரில் ஒருவர்கூட ஒப்பம் வைக்கவில்லை. மரத் தூசியையும் சத்தத்தையும் பொறுத்திருப்பார்கள், ஏமாற்றப்பட்டதைப் பொறுக்கவில்லை. அந்த மனிதரின் முதல் முழுவதும் போனதில் என் பேனாவுக்கும் பங்கு உண்டு. "உடற்பயிற்சி அறை", "பல்தேவை மண்டபம்" என்று எழுதாதீர்கள். "காற்றுத் துப்பாக்கிப் பயிற்சி உள்ளரங்கு, 10 மீட்டர்" என்று எழுதுங்கள்.

8. கந்தோருக்கு முன் அயல் வீடு.

சுற்றியுள்ள வீடுகளுக்கு நேரில் போங்கள். ஆண்களிடம் பள்ளிவாசல் முற்றத்தில் சொல்லிவிட்டு வந்தால் போதாது. அந்தச் சத்தத்தோடு வீட்டிலிருக்கப் போவது உம்மாமாரும் மூத்தம்மாமாரும். உங்கள் உம்மாவையோ ராத்தாவையோ கூட்டிக்கொண்டு போய் அவர்களிடமும் கேளுங்கள். அந்தச் சிறு குண்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டுங்கள். என்ன நேரம் திறக்கும், எப்போது மூடும் என்று சொல்லுங்கள். பாங்கு நேரம், வெள்ளிக்கிழமை ஜும்ஆ, நோன்பில் தராவீஹ் நேரம், அயலில் மையித்து விழுந்த நாள், பக்கத்துக் கோயில் திருவிழா, பரீட்சைக் காலம் இவற்றில் கூடம் மூடியிருக்கும் என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிடமும், கோயில் நிர்வாகத்திடமும், பாடசாலை அதிபரிடமும் இதே தாளைக் கொடுங்கள். யாராவது "வேண்டாம்" என்றால் வாதாடாமல் காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படத்தில் எதை மாற்ற வேண்டும் என்று அந்தக் காரணம் சொல்லும்.

9. அந்தக் காரணங்களுக்குப் படத்தில் பதில் கீறுங்கள்.

சுடும் கோட்டிலிருந்து இலக்குக்கு 10 மீட்டர். அதற்குப் பின்னால் சுடுபவர், பயிற்சியாளர், காத்திருப்பவர் நிற்க இன்னும் ஐந்தாறு மீட்டர் விடுங்கள். ஒருவருக்கு ஒரு மீட்டர் அகலம் குறைந்தபட்சம். இலக்கின் நடு தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரம். இலக்குக்குப் பின்னால் குண்டு பிடிக்கும் உருக்குப் பெட்டி. அதற்கும் பின்னால் வாசலோ ஜன்னலோ இல்லாத கற்சுவர். சுடும் கோட்டுக்கு முன்னால் கதவு வைக்காதீர்கள். வைத்தே தீர வேண்டுமானால் உள்ளிருந்து மட்டும் திறக்கும்படி வையுங்கள். சத்தத்தைப் பொறுத்தவரை பலர் சுவரைத் தடிப்பாக்கிவிட்டுக் கூரையை மறந்துவிடுவார்கள். வெறும் சீற் கூரை உள்ளே பிறக்கும் சத்தத்தை ஊருக்குப் பங்கு வைக்கும். கூரைக்குக் கீழ் கனமான சீலிங், அதற்கு மேல் ஒலியை உறிஞ்சும் பஞ்சு, வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு. காற்றுப் போக்கியின் வாயை வீடுகள் இல்லாத பக்கம் திருப்புங்கள். காற்றுத் துப்பாக்கியின் ஓசை சின்னதுதான். ஆனால் அமைதியான இரவில் "டக்" என்று திடீரென வரும் எதுவும் காதில் தனியாகவே விழும்.

10. ஈயத்துக்குப் பயப்படுங்கள்.

சத்தத்தைப் பற்றி அயலவர் கேட்பார்கள். ஈயத்தைப் பற்றி யாரும் கேட்காமலும் விடலாம். நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். ஈயம் உடம்பில் தங்கும். பிள்ளைகளின் மூளைக்குக் கெடுதி. இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவு கிடையாது. காற்று சுடுபவரின் முதுகுப் பக்கமிருந்து இலக்குப் பக்கம் போய் வெளியேற வேண்டும். தும்புத்தடியால் கூட்டினால் தூசி எழும்பும்; ஈரத் துணியால் துடையுங்கள். உள்ளே சாப்பாடும் தேநீரும் வேண்டாம். வாசலில் கைகழுவும் தொட்டியும் சவர்க்காரமும் படத்திலேயே இருக்கட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கையில் உங்களுக்காக அது பேசும். சேரும் ஈயத்தைப் பூட்டிய பெட்டியில் வைத்து, முறையாக மீள்சுழற்சி செய்பவருக்கே கொடுங்கள். வலைக்குக் குண்டு வார்க்க என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். குசினி அடுப்பில் ஈயம் உருகினால் அந்த வீட்டுக் குழந்தைதான் அந்தப் புகையைக் குடிக்கும்.

11. கோப்பைத் தனியே விடாதீர்கள்.

விண்ணப்பம் கொடுத்த அன்றே திகதி முத்திரையோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஒவ்வொரு தாளிலும் ஒரு பிரதி வீட்டில். தொழில்நுட்ப உத்தியோகத்தர் களப் பரிசோதனைக்கு வரும் நாளில் பட்டயம் உள்ள படவரைஞரும் நீங்களும் அங்கே நில்லுங்கள். சாவியைக் கொடுத்தனுப்ப வேண்டாம். திட்டமிடல் குழு எப்போது கூடும், உங்கள் கோப்பு அந்த நாளில் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். காசோ பொருளோ கொடுத்து எதையும் நகர்த்தாதீர்கள். அப்படி நகர்ந்த கோப்பு, முறைப்பாடு வரும் நாளில் உங்களுக்காக நிற்காது. பதிலே இல்லாமல் கிடந்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் தர வேண்டும். மறுத்தால், காரணத்தோடு எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் மறுப்புக்கு மேன்முறையீடு செய்ய முடியாது.

12. முதல் சூட்டை அயல் வீட்டில் இருந்து கேளுங்கள்.

கட்டி முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் எடுக்காமல் திறக்காதீர்கள். அனுமதித்த படமும் எழுந்த கட்டடமும் ஒன்றுதான் என்று சொல்லும் தாள் அது. அதைக் கையில் எடுத்த பிறகும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. இஷாத் தொழுகை முடிந்த ஓர் இரவில், உங்களில் இருவர் உள்ளே சுடட்டும். மற்றவர் பக்கத்து வீட்டு மூத்தம்மாவின் விறாந்தையில் போய் உட்காரட்டும். இன்று சுடுகிறோம் என்று அவவிடம் முன்கூட்டியே சொல்லியிருங்கள். பிறகு அவவின் பேரப்பிள்ளைகளைப் பற்றி, பெரும்போக விளைச்சலைப் பற்றிக் கதை கொடுங்கள். அவவின் பேச்சு நிற்காமல் போனால் மறுநாள் கதவைத் திறக்கலாம். நடுவில் ஒரு தடவை நின்றாலும், சான்றிதழைப் பெட்டியில் வைத்துவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு கூரைக்கு ஏறுங்கள். வேலை இன்னும் முடியவில்லை.