மட்டைக்கும் உண்டு சோதனை
(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

சாப்ட்பால் எனப்படும் மென்பந்தாட்டம் 1887-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஃபாரகட் படகுக் கழகத்தில் பிறந்தது. சுருட்டிக் கட்டிய குத்துச்சண்டைக் கையுறையே அன்று பந்து. துடைப்பக் கம்பே மட்டை. இன்றோ மட்டையை நடுவர் கையிலெடுத்துப் பார்த்து, 'இது ஆகும்' என்று ஏற்ற பிறகே ஆட்டக்காரி அதைத் தொடலாம். ஒரு மட்டைக்கு இத்தனை சோதனை ஏன்? அது எவ்வாறு நடைபெறுகிறது? அமெரிக்காவில் பின்பற்றப்படும் முறையைக் கொண்டு இங்குக் காண்போம்.

சோதனை ஏன்?

முற்காலத்தில் மட்டைகள் கெட்டியான மரத்தால் செய்யப்பட்டன. 1970-களில் அலுமினிய மட்டைகள் பரவின. அவற்றின் பின் கரி இழையும் பிசினும் சேர்ந்த மட்டைகள் வந்தன. இப்புதிய மட்டைகள் உள்ளே கூடாக இருக்கும். பந்து பட்டதும் மட்டையின் மெல்லிய சுவர் சற்று உள்வாங்கி, உடனே மீண்டு, பந்தை வெளியே தள்ளும். கயிற்றுக் கட்டிலில் விழுந்த பொருள் துள்ளுவதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே தத்துவந்தான்.

இதில் ஆபத்தும் உண்டு. பெண்கள் ஆட்டத்தில் பந்தெறிபவள் அடிப்பவளிடமிருந்து 43 அடி தூரத்திலிருந்து எறிகிறாள். மணிக்கு 98 மைல் வேகத்தில் திரும்பி வரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. எறிந்த வேகத்தில் அவள் சில அடிகள் முன்னே வந்துவிடுவதால் நேரம் இன்னும் குறைகிறது. முகத்தை மறைக்கக் கை உயர்வதற்குள் பந்து வந்துவிடும். ஆகவே மட்டைச் சோதனை என்பது ஒரு பெண்ணின் கண்ணையும் பல்லையும் உயிரையும் காக்கும் காரியம் என்பதை நாம் உணர வேண்டும்.

கண்ணும் கையும்

ஆட்டம் தொடங்குமுன் நடுவர்கள் இரு அணிகளின் மட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கின்றனர். மட்டையின் நீளம் 34 அங்குலத்தையும், எடை 38 அவுன்சையும், பருத்த பகுதியின் விட்டம் இரண்டே கால் அங்குலத்தையும் தாண்டக் கூடாது. விட்டத்தை அறிய ஓர் எளிய கருவி உண்டு. அது ஒரு வளையம். மட்டையை அதனுள் நுழைத்தால் தடையின்றிச் செல்ல வேண்டும். அடிபட்டு உருக்குலைந்து ஒரு பக்கம் புடைத்திருந்தால் வளையம் நின்றுவிடும், மட்டை ஒதுக்கப்படும்.

பிறகு நடுவர் மேற்பரப்பைக் கையால் தடவி, விரிசலோ கூரிய பிசிறோ உண்டா என்று பார்ப்பார். குலுக்கிப் பார்ப்பார், உள்ளே ஏதேனும் கழன்று ஒலித்தால் அது ஆகாது. கைப்பிடியின் உறை உறுதியாக இருக்கிறதா, மட்டை கைநழுவிப் பறக்காதபடி அடியில் குமிழ் இருக்கிறதா என்பதையும் கவனிப்பார்.

முத்திரை

மட்டையின் வேகத்தை மைதானத்தில் அளக்க இயலாது. ஆதலால் அவ்வேலையை ஆய்வுக்கூடம் செய்கிறது. அங்கே பீரங்கி போன்ற குழாயிலிருந்து பந்தைச் செலுத்தி மட்டையில் மோதச் செய்கின்றனர். அந்த அளவீட்டைக் கொண்டு, அடிபட்ட பந்தின் வேகம் மணிக்கு 98 மைலுக்கு மேற்படாது என்று தெரிந்தால், அமெரிக்க சாப்ட்பால் சங்கத்தின் முத்திரை அம்மட்டை வகைக்குக் கிடைக்கும். நடுவர் அம்முத்திரையைத் தேடுகிறார். முத்திரை பெற்ற பின்னும் தடை செய்யப்பட்ட மட்டைகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதையும் அவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாதவை

சிலர் மட்டையின் மூடியைக் கழற்றி உட்சுவரைச் சுரண்டி மெலிதாக்குகின்றனர். சிலர் உருளைகளுக்கிடையே வைத்து அழுத்தி இளக்குகின்றனர். வெளியே பார்த்தால் முத்திரையும் இருக்கும், வளையமும் நுழையும். ஒரு குற்றமும் செய்யாத மட்டைகூட நாளடைவில் அடிபட்டு இளகி, அளவுக்கு மீறிய வேகம் பெறுவதுண்டு. இதனால் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் மட்டையை அழுத்திப் பார்க்கும் கருவி ஒன்றும் பயன்படுகிறது. எளிதில் அமுங்கும் மட்டை விலக்கப்படும்.

தண்டனையில் வேறுபாடு

இங்கே விதியின் நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். விதிக்குப் புறம்பான மட்டையுடன் ஒருத்தி அடிக்க வந்தால், அவள் ஆட்டமிழக்கிறாள். ஆனால் வேண்டுமென்றே மாற்றப்பட்ட மட்டையுடன் வந்தால், ஆட்டமிழப்பதோடு மைதானத்தை விட்டே வெளியேற்றப்படுகிறாள். கவனக்குறைவு வேறு, வஞ்சனை வேறு. இரண்டையும் விதி ஒரே தராசில் நிறுப்பதில்லை.

முடிவுரை

வளையம் வெளிப்புறத்தை அளக்கும். முத்திரை வகையைச் சொல்லும். ஆனால் உள்ளே சுரண்டப்பட்டதா என்பதை மட்டைக்கு உரியவள் அறிவதுபோல் நடுவர் அறிய முடியாது. தேர்வு அறையிலும் அப்படித்தான். மேற்பார்வையாளரின் கண்ணுக்கு எட்டாத இடம் ஒன்று எப்போதும் உண்டு. எதிரே 43 அடியில் நிற்பவளும் நம்மைப் போல ஒரு தாயின் மகள் என்று எண்ணினால், சந்தேகமுள்ள மட்டையை நடுவர் கேட்குமுன்னே நாமே எடுத்துக் கொடுத்துவிடுவோம். மட்டையை நடுவர் சோதிக்கட்டும். மனத்தை நாம் சோதிப்போம்.