ஸ்வீட் பாக்ஸ் வாங்கப் போகிறீர்களா?

அரியலூர் சிமென்ட் ஆலையோ, பெரம்பலூர் ஜவுளிக்கடையோ, தீபாவளி வந்தால் ஊழியர் கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ். முன்பெல்லாம் வீடு போய்ச் சேரும் முன்பே பாதி காலியாகிவிடும். இப்போது, "எனக்கு சுகர், நீங்க எடுத்துக்கங்க" என்று மேஜை மேஜையாகச் சுற்றுகிறது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். கொடுப்பதை நிறுத்த வேண்டாம். கொடுக்கும் விதத்தை மாற்றலாம்.

• ஒரு கிலோ இனிப்புக்குப் பதில், கால் கிலோ இனிப்பும் கால் கிலோ காரமும் போதும்.

• ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரி நம்மூர்ச் சரக்கு. மிளகும் உப்பும் தூவி வறுத்த பொட்டலம் யார் வீட்டிலும் வீணாகாது.

• உதிரியாக விற்கும் இனிப்புக்கும் 'எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும்' என்று கடையில் எழுதி வைக்க வேண்டும். 2020 அக்டோபர் 1 முதல் இது விதி. பார்த்து வாங்குங்கள்.

• பண்டிகைக்கு நாலு நாள் முன்பே கொடுப்பதானால் பால் இனிப்பைத் தவிருங்கள், சீக்கிரம் கெட்டுவிடும்.

• வெல்லமும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். 'நாட்டு வெல்லம்தானே' என்று சர்க்கரை நோயாளிக்கு நீட்டாதீர்கள்.

• மேலாளருக்கு என்ன பாக்ஸோ, காவலாளிக்கும் அதே பாக்ஸ்.