திரை சுருங்கினால் பலகம் என்னாகும்?

கலும்பாங் இரயில் நிலையம் குவாலா குபு பாருவுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையில் உள்ளது. அந்தத் தடத்தில் இரயிலில் செல்வோருக்காக நீங்கள் ஒரு கால அட்டவணைப் பக்கத்தை உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். இடப்பக்கப் பலகத்தில் நிலையங்களின் பெயர்கள் உள்ளன; வலப்பக்கப் பலகத்தில் வண்டி புறப்படும் நேரங்கள் உள்ளன. பள்ளிக் கணினியில் பக்கம் அழகாகத் தெரிகிறது. திறன்பேசியில் திறந்தாலோ கடைசி நெடுவரிசை திரைக்கு வெளியே போய்விடுகிறது. இரவின் கடைசி வண்டி அந்த நெடுவரிசையில்தான் இருக்கிறது. அப்படி ஒரு வண்டி இருப்பதே பயணிக்குத் தெரியாமற்போகும்.

ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பக்கம் செய்ய வேண்டாம், ஒரே பக்கம் திரையின் அகலத்திற்கேற்ப மாறட்டும் என்று 2010ஆம் ஆண்டில் எழுதியவர் ஈதன் மார்க்கோட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர். ‘அகலம் 600 படப்புள்ளிக்குக் குறைந்தால் பலகங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கு’ என்று சிஎஸ்எஸ் மொழியில் ஒரு விதி எழுதினால் போதும். பெரும்பாலான வேலையை உலாவியே பார்த்துக்கொள்ளும்.

ஆனால், இரயில் தட வரைபடத்தை ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வரைகிறது என்றால் விதி மட்டும் போதாது. சாளரத்தின் அளவு மாறியதும் உலாவி ‘ரிசைஸ்’ என்னும் அளவுமாற்ற நிகழ்வை அறிவிக்கும். நிரல் அதைக் கேட்டு வரைபடத்தைப் புதிதாக வரையும். இதில் ஒரு தொல்லை உண்டு. சாளரத்தின் விளிம்பைச் சுட்டியால் இழுக்கும்போது, கை ஓயும்வரை இவ்வறிவிப்பு மீண்டும் மீண்டும் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் முழுப் படத்தையும் வரைந்தால் பக்கம் திணறும். மேசையை நகர்த்தும்போது ஒவ்வோர் அடிக்கும் நின்று தரையைப் பெருக்குவோமா? கடைசி அறிவிப்புக்குப் பின் 150 மில்லிவினாடி போலக் காத்திருந்து, ஒரே முறை வரைவது நல்லது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ரிசைஸ் நிகழ்வு சாளரத்தைப் பற்றி மட்டுமே பேசும். பயணி இடப்பக்கப் பலகத்தை மூடினால் வலப்பக்கப் பலகம் விரியும். சாளரமோ அப்படியே இருக்கும். அறிவிப்பு வராது, வரைபடமும் பழைய அளவிலேயே நிற்கும். ஆகவே, பலகத்தையே நேராகக் கண்காணிக்கும் ‘ரிசைஸ் அப்சர்வர்’ என்னும் வசதி உருவானது. குரோம் உலாவியில் இது 2018இல் வந்தது. கண்காணிக்கும் நிரலே அப்பலகத்தின் அளவை மாற்றினால், அந்த மாற்றம் மறுபடியும் நிரலை எழுப்பும். அதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

தமிழ்ப் பக்கத்திற்கு உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. ‘ராசா’ என்னும் பெயர் குறுகிய பலகத்தில் ஒரே வரியில் அடங்கும். ‘குவாலா குபு பாரு’ இரண்டு வரியாக மடங்கும். பெயர்கள் ஒரு பலகத்திலும் நேரங்கள் வேறொரு பலகத்திலும் இருந்தால், அந்த மடிப்புக்குக் கீழே உள்ள நேரங்கள் எல்லாம் ஒரு வரி மேலேறி நிற்கும். ஒரு நிலையத்தின் பெயருக்கு நேரே அடுத்த நிலையத்தின் நேரம் தெரியும். மறைந்துபோன நெடுவரிசையைவிட இது கெடுதலானது. பயணிக்கு ஐயமே எழாது. உயரங்களை அளந்து சரிசெய்ய நிரல் எழுதலாம். அதைவிட, ஒரு நிலையத்தின் பெயரையும் நேரங்களையும் ஒரே அட்டவணையின் ஒரே கிடைவரிசையில் வைத்துவிடலாம். பெயர் மடங்கும்போது நேரமும் அதனோடு சேர்ந்தே இறங்கும்.