வண்டிக்கு நிறம் வாங்கும் முறை

அரிசி மூட்டை வாங்கும்போது நாம் பெயரை மட்டும் கேட்டுப் பணம் கொடுப்பதில்லை. "பொன்னி" என்று சொன்னவுடன் தலையசைத்து விடுவதில்லை. குத்தூசி போட்டு எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். ஆனால் அதே நாம், சரக்கு வண்டியில் பெயிண்ட் உரிந்துவிட்டால் நேரே கடைக்குப் போய், "வெள்ளை அரை லிட்டர் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வந்து விடுகிறோம்.

எங்கள் கடையிலும் இதுதான் நடந்தது. அரியாங்குப்பத்திலிருந்து புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குச் சரக்கு ஏற்றப் போன வண்டியின் பின்கதவு ஒரு கம்பத்தில் உரசி, ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் போய்விட்டது. "பிறகு பார்ப்போம்" என்று இரண்டு மாதம் தள்ளிப் போட்டோம். அதற்குள் கீறல் காவியேறி, பக்கத்திலிருந்த பெயிண்ட் கொப்புளித்துவிட்டது. ஒரு கடையில் "வெள்ளை" என்று கேட்டு வாங்கி, துருவின் மேலேயே பூசினோம். காய்ந்த பின் பார்த்தால் வண்டி ஒரு வெள்ளை, பூசிய இடம் நீலம் கலந்த வேறொரு வெள்ளை. அதைக்கூடப் பொறுத்துக் கொள்ளலாம். ஒரு மழைக்காலம் கழிந்ததும் கதவின் அடித்தகடு ஓட்டையாகிவிட்டது. தகடு வெட்டி வைத்து, கதவு முழுவதும் பெயிண்ட் அடிக்க வேண்டியதாயிற்று. சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை பல ஆயிரம் ரூபாயில் முடிந்தது. வண்டி பட்டறையில் நின்ற நாட்களுக்கு ஆட்டோ வாடகை தனி. அந்தச் செலவில் கற்ற பாடத்தை நம் வணிக நண்பர்களுடன் பகிர்ந்து கொள்கிறோம்.

அழகு பிறகு, காப்பு முதலில்

பெயிண்ட் வண்டிக்கு அழகு என்று மட்டும் நினைப்பது தவறு. அது தகட்டின் மேல் போர்த்திய போர்வை. அடியில் பிரைமர், அதன்மேல் நிறம், பெரும்பாலான வண்டிகளில் அதற்கும் மேல் கிளியர் என்ற கண்ணாடி போன்ற பூச்சு. இப்போர்வை கிழிந்த இடத்தில் ஈரமும் காற்றும் இரும்பைத் தொடுகின்றன, துரு பிடிக்கிறது. உப்பு சேர்ந்தால் அது இன்னும் விரைகிறது. வீராம்பட்டினம் கடல் நமக்குக் கிழக்கே மிக அருகில் இருக்கிறது. இந்த உப்புக் காற்றில் நிற்கும் வண்டிக்குக் கீறல் விழுந்தால், உள்நாட்டு ஊர்களில் இருப்பவரைப் போல நாம் காத்திருக்க முடியாது. சரியான பெயிண்ட் கிடைக்கத் தாமதமானால், அந்த இடத்தை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, பிரைமர் மட்டுமாவது தடவி வைக்க வேண்டும். அதுவும் தற்காலிகக் காப்பே என்பதால் நிறத்தை அதிக நாள் தள்ளிப்போடலாகாது.

பெயர் ஒன்று, நிறம் பல

நிறத்தைப் பெயரால் வாங்கக் கூடாது என்பது நம் மண்ணுக்குப் புதிய செய்தியன்று. பிரெஞ்சு ஆட்சியின்போது, 19-ஆம் நூற்றாண்டில், புதுச்சேரியிலிருந்து அவுரிச் சாயமிட்ட நீலத் துணி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போயிற்று. அங்கே பிசின் வியாபாரத்தில் அத்துணி பணம் போலவே புழங்கியது. வாங்குவோர் நிறத்தையும் பளபளப்பையும் வாசனையையும் சோதித்தே ஏற்றனர். "நீலம்" என்ற பெயர் அவர்களுக்குப் போதவில்லை.

கார்களில் இத்தனை நிறங்கள் வந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1914 முதல் 1925 வரை தன் மாடல் டி காரைக் கறுப்பில் மட்டுமே விற்றது. விரைவில் உலரும் டூகோ என்ற பெயிண்ட்டை டூபாண்ட் நிறுவனம் கொண்டுவந்த பின், 1924-ஆம் ஆண்டு மாடலாக வந்த ஓக்லண்டு கார் நீல நிறத்தில் விற்பனையாயிற்று. பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென நிறங்களை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு கொடுத்தது. சுசூகி வண்டிகளில் "26யூ" என்றால் சுப்பீரியர் ஒயிட். "இசட்2எஸ்" என்றால் சில்க்கி சில்வர். கடைக்காரரிடம் நாம் சொல்ல வேண்டியது இந்தக் குறியீட்டைத்தான்.

குறியீடு எங்கே இருக்கும்?

வண்டிக்கு வண்டி இடம் மாறும். முன்கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டிலோ, பானட்டின் அடியில் எஞ்சின் அறைச் சுவரில் அடித்திருக்கும் தகட்டிலோ பெரும்பாலும் இருக்கும். கையேட்டில் இடம் குறித்திருப்பார்கள். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் நிறக் குறியீடு என்று எழுதிக் கொண்டு போய்விடக் கூடாது. தகட்டைச் செல்பேசியில் படம் எடுத்துக் கொண்டு போவது நல்லது.

குறியீடு மட்டும் போதுமா? போதாது. ஒரே குறியீட்டிலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு சிறு மாற்றம் உண்டு. அதற்காகவே பெயிண்ட் நிறுவனங்கள் ஒரே குறியீட்டுக்குப் பல கலவை முறைகள் வைத்திருக்கின்றன. மேலும், பல ஆண்டு வெயிலில் நின்ற வண்டி வெளுத்திருக்கும். பழைய வண்டியாக வாங்கியிருந்தால், முன்னவர் வேறு பெயிண்ட் அடித்திருக்கவும் கூடும். ஆகவே குறியீட்டுடன் மாதிரியும் கொண்டு போக வேண்டும். பெட்ரோல் மூடியின் வெளிக்கதவு இதற்கு ஏற்றது. பல வண்டிகளில் அதைத் தனியே கழற்றலாம். அதைக் கழுவி, ஒரு மூலையை ரப்பிங் கம்பவுண்ட் போட்டுத் தேய்த்துக் கொண்டு போனால், அழுக்கின் நிறத்தோடு பொருத்தாமல் பெயிண்ட்டின் நிறத்தோடு பொருத்துவார்கள். சில கடைகளில் நிறத்தைப் படிக்கும் கருவி இருக்கிறது. இல்லாத கடையில் ஷேட் கார்டும் அனுபவமுள்ள கண்ணும் போதும்.

வாங்கும் முன் சோதனை

ஒன்று: ஈரமாக இருக்கும்போது ஒப்பிடக் கூடாது. காய்ந்தபின் நிறம் மாறும். பெரும்பாலும் சற்று அடர்த்தியாகும். சிறு தகட்டிலோ அட்டையிலோ பூசி, கிளியர் தேவைப்படும் நிறமானால் அதையும் அடித்து, காய்ந்த பிறகே வண்டியின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு: கடையின் குழல்விளக்கில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரு நிறங்கள் வெயிலில் வேறாகத் தெரியும். புடவைக் கடையில் வாசலுக்கு எடுத்து வந்து பார்ப்பதில்லையா? அது போலத்தான். வெயிலிலும் நிழலிலும், நேராகவும் சாய்வாகவும் பார்க்க வேண்டும்.

மூன்று: எந்த வகை நிறம் என்று கேட்டறிய வேண்டும். சாதாரண நிறத்தில் சிறு கீறலைத் தூரிகையால் தொட்டு மறைக்கலாம். மெட்டாலிக் நிறத்தில் நுண்ணிய அலுமினியத் துகள்கள் உள்ளன. அவை படியும் விதத்தைப் பொறுத்து நிறம் மாறித் தெரியும். ஆகவே கல் பட்ட புள்ளியளவுக்கே தூரிகை. அதற்கு மேல் பெயிண்டரிடம் கொடுத்து ஸ்பிரே செய்வதே சரி. பேர்ல் நிறங்கள் சிலவற்றுக்கு மூன்று பூச்சுகள் வேண்டும். வாங்கும்போதே எல்லாப் பூச்சுகளையும் கேட்டு வாங்க வேண்டும். மெட்டாலிக்கையும் பேர்லையும் அடிவரை நன்றாகக் கலக்காமல் பூசக் கூடாது.

நான்கு: நமக்கென்று கலந்த பெயிண்ட்டைக் கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார், வேறு யாருக்கும் அதை விற்க முடியாது என்பதால் அவரைக் குறை சொல்லவும் இயலாது. எனவே கடை எவ்வளவு குறைவாகக் கலந்து தருமோ அவ்வளவே முதலில் வாங்க வேண்டும். சிறு கீறல்களுக்கு 50 மில்லி தாராளம். பொருந்திய பிறகு, டப்பாவின் மூடியில் குறியீடு, கலவை, தேதி மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை அதுவே மாதிரி. பில்லைக் கடையின் பெயரில் வாங்கி, வண்டிக் கணக்கில் சேருங்கள்.

பூசுவதும் வைப்பதும்

உப்பு போகக் கழுவி உலர்த்துங்கள். துருவை உப்புத்தாள் கொண்டு பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்த்துத் துடைத்து, பிரைமர் காய்ந்த பின் நிறத்தை மெல்லியதாகப் பல முறை பூசுங்கள். ஒரே முறை தடிப்பாகப் பூசினால் வழியும், வெடிக்கும். ஹார்டனர் கலக்கும் பெயிண்ட்டைக் கலந்தால் சில மணி நேரத்தில் இறுகிவிடும். தேவைக்கு மேல் கலக்க வேண்டாம். அதை ஸ்பிரே செய்யும்போது வரும் புகைமம் மூச்சுக்குழலைக் கெடுக்கும். கடைக்குள்ளோ வீட்டுக்குள்ளோ வைத்து அடிக்க வேண்டாம். அது பட்டறை வேலை.

மளிகைக் கடைக்காரர்களுக்கு இன்னொரு சொல். மீதிப் பெயிண்ட்டையும் தின்னரையும் சரக்கறையில் வைக்கவே கூடாது. தின்னர் எளிதில் தீப்பிடிக்கும். அதன் வாசனையை அரிசியும் தேயிலையும் இழுத்துக் கொள்ளும். ஒரு டப்பாவால் பத்து மூட்டை திரும்பி வரலாம்.

வண்டியின் நிறம் பதிவுச் சான்றிலும் பதிவாகியிருக்கிறது. அதே நிறத்தில் ஒட்டுப் பூச்சு பூசுவதில் சிக்கல் இல்லை. வேறு நிறத்துக்கு மாற்ற எண்ணினால் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் கேட்டுக் கொள்வது நலம்.

வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நம் கடையின் பெயரோடு நிற்பது அந்த வண்டிதான். இன்று கடை அடைத்தபின் ஒரு முறை வண்டியைச் சுற்றி வந்து பாருங்கள். காவியேறிய கீறல் கண்ணில் பட்டால், குறியீட்டை எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். அரிசிக்குப் பார்க்கும் மாதிரியை நிறத்துக்கும் பார்த்து வாங்குங்கள்.